கரைக் காப்பும் கட்டட நீக்கமும்

நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றற்கும் உரிய தெய்வமும் தொழிலும் மரமும் பறவையும் வகுத்த பண்டைத் தமிழர், மலையையும் கடற்கரையையும் வெவ்வேறு திணைகளாக வைத்தனர். குறிஞ்சிக்கும் நெய்தலுக்கும் இடையே முல்லையும் மருதமும் கிடத்தலின், மலைவாழ்நர்க்குக் கடலோரச் செய்தி அயலார் வீட்டுச் செய்தியாகவே தோன்றுதல் இயல்பு. இலங்கையின் ஒன்பது மாகாணங்களுள் கடற்கரை அற்றவை நான்கு. அவற்றுள் ஊவாவும் ஒன்று. பதுளையையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் சேர்ந்த மாணவர் பலர் கடலை முதன்முதற் காண்பது பாடசாலைச் சுற்றுலாவிலேயாம். இந்நிலையில், கடற்கரையிலுள்ள மதுச்சாலைகளை இடித்தகற்றுதல் பற்றி நம் மலர் ஏன் பேசுதல் வேண்டும் என்று வினவுவார் உளராகலாம். நாட்டின் தென்கீழ்க் கரையிற் கிடக்கும் மணலில் ஒரு பங்கு நம் மலைகளிலிருந்து சென்றது என்பதே அவர்க்கு யாம் கூறும் முதல் விடை. இரண்டாவது விடை கட்டுரையின் ஈற்றில் வரும்.

முன்னர் நிகழ்ந்ததைக் கூறுவாம். காலி நகர்க்கு அணித்தாகிய உனவட்டுனவிலே வளைந்த சிறு குடா ஒன்று உண்டு. சுற்றுலாப் பயணிகள் பெருகப் பெருக, அக்குடாவின் மணல்மேல் விடுதிகளும் உண்டிச்சாலைகளும் மதுச்சாலைகளும் நெருங்கி எழுந்தன. இத்தகைய கட்டடங்கள் வளரும் முறை எங்கும் ஒன்றே. ஒரு பருவத்தில் ஓலைக் கொட்டிலாய் இருப்பது அடுத்த பருவத்திற் சீமெந்துத் தளம் பெறும். அதற்கடுத்த பருவத்தில் அத்தளத்தை அலையினின்று காக்கக் கல்லணை பெறும். உனவட்டுனவில் அனுமதியின்றி எழுந்த கட்டடங்களைக் கரையோரம் பேணல் திணைக்களத்தார் 2011ஆம் ஆண்டில் இயந்திரங்கொண்டு இடித்தனர். மாத்தறை மாவட்டத்து மிரிஸ்ஸவில், 2018ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பயணிகள் சிலர் தாக்கப்பட்டதன் பின்னர், அங்கும் அனுமதியற்ற கட்டடங்கள் அகற்றப்பட்டன. பின்னைய நிகழ்ச்சி ஊன்றி நோக்கற்பாலது. சட்டமும் முன்னரே இருந்தது. கட்டடங்களும் முன்னரே இருந்தன. அடிதடி நேர்ந்த பின்னரே சட்டம் கண் விழித்தது.

மதுச்சாலை என்றவுடன் மதுவிலக்குப் பிரசாரம் தொடங்குகின்றது என்று எண்ணற்க. தவறணையால் தோட்டக் குடும்பங்கள் பட்ட பாட்டை நம்மினும் நன்கறிந்தார் இலர். ஆயினும் அது வேறு பொருள். மணலைப் பொறுத்தவரை மதுச்சாலையும் மோர்ப்பந்தலும் ஒன்றே. உள்ளே விற்கப்படுவது யாதாயினும் ஆகுக. அடித்தளம் எங்கே இடப்பட்டது என்பதே ஈண்டைக்கு வினா.

கடற்கரை பார்வைக்கு நிலையான நிலம் போலத் தோன்றும். உண்மையில் அது ஓயாது வரவும் செலவும் நிகழும் கணக்கு. ஆறுகள் கொணரும் மணலும், பவளத்தினின்றும் சங்கு சிப்பிகளினின்றும் உதிரும் துகளும் வரவு. காற்று உள்நாட்டுக்கு வாரிச் செல்வதும், ஆழ்கடலில் வீழ்வதும், மனிதர் அள்ளுவதும் செலவு. இவற்றிடையே அலையானது மணலைக் கரையோரமாக ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்திக்கொண்டே இருக்கும். இன்று உனவட்டுனவிற் கிடக்கும் மணல் என்றும் உனவட்டுனவின் மணலாக இராது.

கடல் சீறும் பருவத்தில் பேரலைகள் கரையின் மணலை அரித்துச் சென்று, சிறிது தொலைவில் நீரின்கீழ் ஒரு திட்டாகப் படியவைக்கும். பின்னர் வரும் பேரலைகள் அத்திட்டின்மேல் மோதி உடைந்து வலியிழந்தே கரை சேரும். எனவே, கரை தன்னிடமிருந்து கொடுத்த மணலே கரைக்கு அரணாகின்றது. கடல் அமைதியுறும் பருவத்தில் சிற்றலைகள் அம்மணலைச் சிறிது சிறிதாக மீட்டுக் கொணர்ந்து கரையிற் சேர்க்கும். தென்மேற்குக் கரையில் மேமாதம் முதல் வீசும் சோளகக் காற்றுக் காலத்திற் கரை ஒடுங்குதலும், அது தணிந்த பின் கரை அகலுதலும் அங்குள்ள மீனவச் சிறுவரும் அறிந்த செய்தி. அகன்ற கரையை மட்டும் கண்ட வணிகன், அவ்வகலம் முழுதும் வெற்றிடம் என்று கருதி அங்கே தூண் நாட்டுகின்றான். அது வெற்றிடமன்று, கடல் ஆண்டுதோறும் வந்துபோகும் முற்றம்.

அம்முற்றத்திற் சுவர் எழுந்தால் நிகழ்வது யாது? சரிவான மணலின்மேல் ஏறி ஓடித் தளரவேண்டிய அலை, சுவரில் மோதி வலிகுன்றாது திரும்புகின்றது. திரும்பும்போது சுவரடியைத் தோண்டிச் செல்கின்றது. சுவர்க்கு முன்னுள்ள கரை ஆண்டுக்காண்டு தாழும். சுவரின் இரு முனைகளிலும் அரிப்பு மிகும். அயலிலுள்ளார் அது கண்டு தாமும் சுவரெழுப்புவர். முடிவில் எவர்க்கும் மணல் இராது, சுவர்களே எஞ்சும். மணலைக் காட்டிப் பயணிகளை அழைத்த வணிகம் அம்மணலையே தின்றுவிடுகின்றது.

மணற்குன்றின் செய்தி இன்னும் நுட்பமானது. காற்றாற் குவிந்த மணலை அடம்பன் கொடியும் இராவணன் மீசை என்னும் புல்லும் பற்றிப் பிடித்து மேடாக்குகின்றன. எல்லவில் இராவணன் பெயரால் வழங்கும் அருவியைக் கண்ட நம்மவர்க்கு, அவன் மீசை கடற்கரையிற் கிடப்பது வியப்பாகலாம். திரண்டால் மிடுக்கு என்று அடம்பன் கொடியைப் பற்றி நம் மூத்தோர் கூறியது உவமைக்காக மட்டும் அன்று போலும். கடலை மறைக்கின்றது என்னும் காரணத்தால் விடுதி கட்டுவோர் முதலில் அழிப்பது இக்குன்றையே. அதன் விலை யாதென்பதை 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் யாலைக் கரை காட்டிற்று. கடற்காட்சிக்காக முன்னிருந்த மணற்குன்றை நீக்கியிருந்த விடுதி ஒன்று ஆழிப்பேரலையால் அடியோடு அழிய, அங்கிருந்தோர் பலர் மாண்டனர். அதே கரையில் குன்றுகள் சிதையாது நின்றவிடத்தே அழிவு மிகக் குறைவாயிருந்தது. ஆழிப்பேரலையை ஆய்ந்த அறிஞர் இவ்வேறுபாட்டை மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டியுள்ளனர்.

இனி அம்மணல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். யாலை வழியே கடலடையும் மாணிக்க கங்கை நமக்குப் புதியதன்று. கதிர்காம யாத்திரையில் நம் முன்னோர் மூழ்கி எழுந்த அப்புனித நீர், நமுனுகலை மலைத்தொடரிற் பிறப்பது. கிரிந்தி ஓயாவும் பண்டாரவளை, எல்ல, கொஸ்லந்தைப் பகுதிகளின் நீரைத் திரட்டிக்கொண்டு தெற்கே செல்கின்றது. இராவணன் அருவியும் தியலும அருவியும் அதனையே சென்று சேர்வன. கும்புக்கன் ஓயா குமண அருகே கடலிற் கலக்கின்றது. பதுளு ஓயா துன்ஹிந்தவில் வீழ்ந்து, மகாவலியோடு கூடித் திருகோணமலைப் பக்கம் போகின்றது. இவ்வாறுகள் நம் மலைப்பாறை வெயிலாலும் மழையாலும் சிதைந்துண்டாகும் படிகக்கல் துகளைச் சுமந்து சென்று கடலிடம் ஒப்புவிக்கின்றன. வெள்ளத்தில் ஓடும் செம்மண் கடலிற் கரைந்துபோகும். கரையாய் நிலைப்பது கனத்த மணலே.

இவ்வரவு இன்று குன்றி வருகின்றது. கிரிந்தி ஓயாவின் குறுக்கே 1980களில் லுணுகம்வெகரவில் எழுந்த நீர்த்தேக்கமும், மாணிக்க கங்கையின் குறுக்கே எழுந்த வெகரகல நீர்த்தேக்கமும் வயல்களுக்கு நீர் தருவன. ஆயின் மணலைத் தம்மடியிலே நிறுத்திக்கொள்வன. 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆம் நாள் திறந்துவைக்கப்பட்ட உமா ஓயாத் திட்டம், மகாவலிக்குச் செல்லவிருந்த நீரின் ஒரு பகுதியை மலைக்குடைவு வழியாகக் கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்புகின்றது. அக்குடைவு தோண்டப்பட்டபோது பண்டாரவளைச் சூழலிற் கிணறுகள் வற்றியதை நம் மக்கள் மறவார். அணையில் தங்கும் மணலைப் பற்றி அத்துணைப் பேச்சு எழவில்லை. போதாக்குறைக்கு, கட்டடத் தொழிலுக்காக ஆற்றுமணலை அள்ளிச் செல்லும் பாரவூர்திகள் எங்கும் உள. ஆதலால் மதுச்சாலையை இடித்துவிட்டோம், கரை பிழைத்தது என்று மகிழ்தல், செலவின் ஒரு வாயிலை அடைத்து வரவின் வாயிலை மறந்ததாய் முடியும்.

சட்டம் கூறுவதையும் சிறிது நோக்குவாம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம், உயர்நீர் எல்லையிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரையும், தாழ்நீர் எல்லையிலிருந்து கடற்பக்கம் இரண்டு கிலோமீற்றர் வரையும் உள்ள பரப்பைக் கரையோர வலயம் என வரையறுத்தது. அவ்வலயத்துள் அனுமதிப்பத்திரம் இன்றி எவரும் கட்டடப் பணி செய்தலாகாது. செய்யின் அதனை அகற்றுவிக்கத் திணைக்களத்துக்கு அதிகாரம் உண்டு. இந்தியாவும் 1991ஆம் ஆண்டில் இத்தகைய ஒழுங்கு விதிகளைக் கொண்டுவந்தது. அவ்விதிகளை மீறிக் கொச்சிக்கு அணித்தாகிய மரடுவில் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகள், உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2020ஆம் ஆண்டு சனவரி 11, 12ஆம் நாள்களில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அத்துணை உயரம் எழும்வரை அவை அதிகாரிகள் கண்ணிற் படவில்லை என்பதை எவரே நம்புவர்?

இடித்தபின் செய்வனவும் அறிவோடு செய்யப்படல் வேண்டும். உனவட்டுனவிற் கட்டட நீக்கத்தை அடுத்து, கரையைக் காக்கும் நோக்கோடு கடலினுள் அலைதடுப்புக் கல்லணை ஒன்று அமைக்கப்பட்டது. அதன்பின் குடாவின் ஒரு பகுதியில் மணல் அரிக்கப்பட்டு மறையவே, ஊரார் குறைகூறினர். பின்னர் கடலிலிருந்து மணலை வாரிக் கரையிற் கொட்ட நேர்ந்தது. இதற்கு மாறாக, நகரும் மணலோடு நகரும் கட்டடம் என்னும் முறையைச் சில நாடுகள் கைக்கொண்டுள்ளன. கோவாவிற் கடற்கரை உண்டிச்சாலைகள் மூங்கிலாலும் ஓலையாலும் ஒரு பருவத்துக்கு மட்டும் அமைக்கப்பட்டு, மழைக்காலத்துக்கு முன் பிரிக்கப்படல் வேண்டும் என்பது விதி. பிரான்சு நாட்டில் பம்பலொன் என்னும் புகழ்பெற்ற கரையில் பழைய கட்டடங்களை நீக்கி, மணற்குன்றுக்குப் பின்னே கழற்றி மாட்டத்தக்கவற்றை அமைத்தனர். வணிகமும் அழியவில்லை, கரையும் மூச்சுவிட இடம் பெற்றது. உரிமையாளர் முறையிட்டனர் என்பது உண்மையே. முறையிடாத உரிமையாளர் எங்கே உளர்?

எனினும், எல்லை வகுத்தல் எளிது; அவ்வெல்லை எவர்மேற் பாய்கின்றது என்பதிலேயே நீதி அடங்கியுள்ளது. ஆழிப்பேரலையின் பின்னர் 2005ஆம் ஆண்டில் அரசினர், மேற்கு தெற்குக் கரைகளில் 100 மீற்றரும் வடக்கு கிழக்குக் கரைகளில் 200 மீற்றரும் கட்டடம் கூடாத இடைவலயம் என அறிவித்தனர். குடிசை இழந்த மீனவர் பழைய இடத்துக்கு மீளுதல் தடுக்கப்பட்டது. சுற்றுலாத் துறைக் கட்டடங்களுக்கோ தளர்வு காட்டப்பட்டது. மொனராகலை வழியே நாம் சென்றடையும் அறுகம்பையில் இக்குறை மிகுதியாக எழுந்தது. வள்ளமும் வலையும் கரையிற் கிடக்க, உடையவன் உள்நாட்டில் உறங்குதல் எங்ஙனம் என்று மீனவர் கேட்டதில் தவறில்லை. கடலை நோக்கி வாழ்வோனையும், கடலைக் காட்டி விற்போனையும் ஒரே கோலால் அளத்தல் நேர்மையன்று. விற்போனுக்குக் கோலை வளைத்தலோ அதனினும் கொடிது. எதிர்ப்பு மிகவே அவ்விதி பின்னர்த் தளர்த்தப்பட்டது.

தொடக்கத்திற் குறித்த இரண்டாவது விடை இதுவே. அகற்றுதல் என்னும் சொல் மலைநாட்டில் நாம் அறியாததன்று. கடலோரத்தில் அலைக்குரிய முற்றம் உண்டாயின், மலைச்சரிவில் மழைக்குரிய வழி உண்டு. அதன்மேலும் மனிதர் குடியிருத்தலாகாது. ஹல்துமுல்லைப் பிரிவைச் சார்ந்த கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்கள் அத்தகைய வழியிலே நின்றன. அவ்விடம் சரியக்கூடும், குடியிருப்போர் நீங்குதல் வேண்டும் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. உனவட்டுன மதுச்சாலைக்கு இயந்திரம் வந்த அதே 2011ஆம் ஆண்டு அது. மீரியபெத்தைக்கு வந்தது எச்சரிக்கை மட்டுமே. நீங்குக என்று கூறப்பட்டவர்க்குச் செல்லுதற்கு ஓரடி நிலமும் சொந்தமாய் இல்லை. லயன் அறையும் தோட்டத்துக்கே உரியது. வேலையும் அத்தோட்டத்திலேயே இருந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலை மலை சரிந்து லயன்களை மூடிற்று. மாண்டோரும் காணாமற் போனோருமாக முப்பதுக்கு மேற்பட்டோர் மண்ணுட் புதைந்தனர். எஞ்சியோர் தேயிலைத் தொழிற்சாலையொன்றிற் பலகாலம் தங்கியிருந்து, 2016ஆம் ஆண்டிலேயே புதிய வீடுகளுக்குச் சென்றனர். அன்று சரிந்த மண்ணைக் கழுவிய நீரும் கிரிந்தி ஓயாவின் வழியே தென்கடலுக்குச் சென்றது.