கெடு இருக்கிறது, ஆள் இல்லை

அயர்லாந்தின் 2005-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, விண்ணப்பித்த மூன்று மாதத்துக்குள் குழந்தையின் தேவைகளை மதிப்பிடத் தொடங்க வேண்டும்; அடுத்த மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு இந்தக் கெடு தாண்டிவிட்டது. பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கையில் கெடு என்ன செய்யும்? கெடுவைச் சமாளிக்க 2020-இல் மதிப்பீடே சுருக்கப்பட்டது. அது சட்டத்துக்குப் பொருந்தாது என்று 2022-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழு மதிப்பீடு நடத்தினால் சிகிச்சைக்கு நேரமிருக்காது என்பார்கள். கவலை நியாயமானதே. ஆனால் இரண்டையும் ஒரே சிறு குழுவின் தலையில் கட்டியதால் வந்த நெருக்கடி அல்லவா இது? தனியாரிடம் மதிப்பீடு வாங்குவதும் பாதித் தீர்வுதான். அறிக்கை கையில் வந்த பிறகும், பேச்சுப் பயிற்சிக்காக அந்தக் குழந்தை இன்னொரு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.