பழைய ஆஸ்பிரின் டப்பாவில் ஏன் வினிகர் வாசம்?

அலமாரியில் நெடுநாள் கிடந்த ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்தால் சில சமயம் வினிகர் வாசம் மூக்கில் ஏறும். காற்றின் ஈரம் புகுந்து மாத்திரையை உடைத்து, அசிட்டிக் அமிலத்தைக் கிளப்பியிருக்கிறது. அந்த உடைப்புக்குப் பெயர்தான் கருக்கவர் சேர்க்கை–நீக்க வினை.

நான்கு பர்னர் கேஸ் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரினில் உடைப்பு நடக்கும் கார்பன் அதுதான், அதற்கு நான்கு பிணைப்புகள். ஆக்சிஜன் ஒரு பெரிய அண்டாவாக இரண்டு பர்னர்களை அடைத்து உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவதில் மெத்தில், நான்காவதில் மூலக்கூறின் மீதியான சாலிசிலிக் பகுதி.

எலக்ட்ரான்களை ஆக்சிஜன் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் கார்பனுக்கு எலக்ட்ரான் பசி. தண்ணீரிடமோ பகிராத ஜோடி இருக்கிறது. அதோடு தண்ணீர் நேராகக் கார்பனில் வந்து அமர்கிறது. பழைய பாத்திரம் எதையும் இன்னும் இறக்கவில்லை. அண்டாதான் ஒரு பர்னருக்கு ஒதுங்குகிறது. நான்கிலும் நான்கு பாத்திரம், கைப்பிடிகள் இடித்துக்கொள்கின்றன. இதுதான் நான்முகி இடைநிலை. மாணவர்கள் பலர் இந்தப் படியைத் தாண்டி விடையை எழுதிவிடுகிறார்கள். வினையின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

ஒற்றைப் பர்னரில் அண்டா ஆடும். எதிர்மின்சுமையோடு நிற்கும் ஆக்சிஜன் மறுபடி இரட்டைப் பிணைப்புக்குத் திரும்பப் பார்க்கும். ஒன்றை இறக்கியாக வேண்டும். எதை? கீழே வைத்தாலும் கெடாததை. நுரை கட்டிய ரசத்தை இறக்கலாம், அரைவேக்காட்டுப் பருப்பை இறக்க முடியாது. சாலிசிலிக் பகுதி தன் மின்சுமையை வளையம் முழுக்கப் பரப்பி ஆறிக்கொள்ளும். மெத்திலுக்கு அந்த வசதி இல்லை. சில நேரம் வந்த தண்ணீரே திரும்பிப் போவதும் உண்டு.

ஆஸ்பிரினுக்குப் பதில் அசிட்டைல் குளோரைடு என்றால் குளோரைடு சட்டென இறங்கிவிடும், ஈரக்காற்று பட்டாலே புகையும். அமைடில் நைட்ரஜன் லேசில் இறங்காது. அதனால்தான் குக்கர் எத்தனை விசில் விட்டாலும் அமைடுப் பிணைப்புகளால் கோத்த பருப்பின் புரதம் அமினோ அமிலங்களாக உதிர்வதில்லை. அசிட்டோனில் இரு பக்கமும் மெத்தில். சேர்க்கையோடு சரி, நீக்கம் நடக்காது.

ஆஸ்பிரின் புரோஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று ஜான் வேன் 1971இல் காட்டினார். உடலுக்குள் நடப்பதும் இதே அடுப்பு வேலை. தண்ணீருக்குப் பதில், புரோஸ்டகிளாண்டினை உண்டாக்கும் நொதியிலுள்ள செரீனின் ஆக்சிஜன் வந்து அமர்கிறது. சாலிசிலிக் பகுதி இறங்கிப்போக, மீதியுள்ள அசிட்டைல் பகுதி செரீனோடு ஒட்டி நொதியைப் பூட்டிவிடுகிறது. இந்தப் பூட்டு விழும் ரத்தத் தட்டணுவுக்கு உட்கரு இல்லை, அதனால் புது நொதி செய்ய வழியில்லை. அதன் ஆயுளான ஏறத்தாழ 10 நாளும் அந்தப் பூட்டு திறக்காது.