வயது போன பூனை ஏன் பாயில் சிறுநீர் கழிக்கிறது?

கடந்த வைகாசியில் ஒருநாள் விடியற்காலை அம்மாவின் பாய் நனைந்திருந்தது. அம்மாவுக்கு 74 வயது. முதலில் அவரைத்தான் நினைத்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நின்றேன். மணத்தை வைத்துத்தான் அது பவுணின் வேலை என்று விளங்கியது.

பவுண் எங்கள் பூனை. மீளக்குடியேறித் தகரக் கொட்டிலில் இருந்த காலத்தில், 2011 இல், எலித் தொல்லைக்காக அயலில் வாங்கிய குட்டி. வளவு முழுக்க மணலாக இருந்தவரை அதற்கென்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை. கல்வீடு கட்டி முற்றத்துக்குச் சீமெந்து போட்ட பிறகு, ஒழுங்கையில் கட்டாக்காலி நாய்களும் கூடியதால், இரவில் அதை உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். குசினி மூலையில் ஒரு பிளாஸ்ரிக் பேசினில் மணல் போட்டு வைத்தோம். இரண்டு வருடமாக ஒரு குறையும் இல்லை. வைகாசியில் தொடங்கிப் பாய், கால்மிதி, மடித்து வைத்த சீலை என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

நான் முதலில் செய்தது பிழையான காரியம். பவுணைப் பிடித்து ஈரத்தில் மூக்கைத் தேய்த்து, விளக்குமாற்றால் இரண்டு போட்டேன். அதன்பின் அது கட்டிலுக்குக் கீழே ஒளிந்திருந்து அங்கேயே போகத் தொடங்கியது. எப்போதோ செய்ததற்கு இப்போது அடி விழுகிறது என்று பூனைக்கு விளங்காது. அடிக்கும் ஆளைக் கண்டு பயப்படத்தான் பழகும். பயந்த பூனை இன்னும் மறைவான இடம் தேடும்.

"உது வயசு போட்டுது பிள்ளை. சாக்கில போட்டுக் கொண்டுபோய்ச் சந்தையடியில விட்டிட்டு வா" என்றார் பக்கத்து வீட்டு மாமி. எங்கள் ஊர்களில் இது வழக்கம்தான். நானும் சாக்கு எடுத்து வைத்தேன். அம்மா அதைக் கண்டுவிட்டு, "ஒருக்கா விட்டிட்டு வந்தது காணும்" என்றார்.

2008 புரட்டாதியில் கிளிநொச்சியை விட்டு உழவு இயந்திரத்தில் வெளிக்கிட்டபோது, அப்போதிருந்த பூனை கிணற்றுக்கட்டில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கிழமையில் திரும்பலாம் என்று நினைத்து ஒரு கோப்பையில் சோறும் கருவாடும் வைத்துவிட்டு வந்தோம். திரும்பியது 2010 இல். அம்மா அந்தப் பூனையைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான். சாக்கை மடித்து வைத்துவிட்டு, பவுணை ஒரு பெட்டியில் போட்டு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன்.

முதலில் நோயைப் பாருங்கள்

"கொழுப்பு", "வஞ்சம் வைத்துச் செய்யுது" என்று நாங்கள் சொல்வோம். பல வருடம் ஒழுங்காக இருந்த பூனை வயது போனபின் திடீரென்று மாறினால், முதலில் நோயைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்றார் வைத்தியர். அவர் முதலில் கேட்டது, "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்குது?" என்றுதான். நான் கவனித்திருக்கவில்லை.

சிறுநீரகம் பலவீனப்பட்டால் பூனை அதிகம் குடிக்கும், அதிகம் கழிக்கும். நீரிழிவும் தைரொயிட் சுரப்பி அதிகம் வேலை செய்வதும் இதே போலத்தான் தெரியும். அளந்து பார்ப்பது சுலபம். காலையில் அளந்து ஊற்றி, அடுத்தநாள் காலை மிச்சத்தை அளக்க வேண்டும். ஒரு கிலோ நிறைக்கு 50 மில்லிலீற்றருக்கு மேல் குடித்தால் அது அதிகம். அதாவது 4 கிலோ பூனைக்கு 200 மில்லிலீற்றர். சிறுநீர்ப்பையில் அழற்சி இருந்தால் அடிக்கடி போய்க் குந்தும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். போகும்போது நோவதால், நோவுக்குப் பேசின்தான் காரணம் என்று நினைத்து அதை வெறுக்கும்.

அடுத்தது மூட்டுத் தேய்வு. 2002 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்றே படங்களைப் பார்த்தபோது 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்வு இருந்தது. பூனை நோவைக் காட்டிக்கொள்ளாது, முனகாது. குந்தில் பாய்வதை விடும், மாடிப்படி ஏறத் தயங்கும், உயரமான பேசினுக்குள் காலைத் தூக்கி வைக்காது. பவுண் ஆறு மாதமாகவே யன்னல் குந்தில் ஏறவில்லை. நாங்கள் அதை வயதின் அமைதி என்று நினைத்திருந்தோம்.

இரத்தமும் சிறுநீரும் சோதித்ததில் பவுணுக்குச் சிறுநீரகம் பலவீனம் என்று தெரிந்தது. இடுப்பிலும் தேய்வு இருந்தது. அதிகம் போக வேண்டிய நிலையில், போகும் வழி நோவாக இருந்திருக்கிறது.

இரண்டு விடயங்களை மறக்க வேண்டாம். ஒன்று, கடுவன் பூனை முக்கி முக்கிக் குந்தியும் ஒரு சொட்டும் வராவிட்டால் அது அடைப்பு. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். விடியட்டும் என்று இருக்கக் கூடாது. மற்றது, நோவுக்கு என்று பனடோல் கொடுக்காதீர்கள். அதை உடைத்து வெளியேற்றும் தன்மை பூனையின் ஈரலுக்குப் போதாது. அரைக் குளிசையே கொல்லக்கூடும்.

பேசினில் செய்த மாற்றங்கள்

பேசினின் ஒரு பக்கத்தை 7 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்து வழுவழுப்பாக்கினேன். பேசின் பூனையின் உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். எங்களுடையது சிறிதென்பதால் பெரிதாக மாற்றினேன். மணல் 3, 4 சென்ரிமீற்றர் ஆழம் போதும். அதிகம் போட்டால் நோவுள்ள கால் புதையும். வாசனைத் தூள் எதுவும் போடுவதில்லை. பூனையின் மூக்குக்கு அது பிடிக்காது.

ஒரு பூனைக்கு இரண்டு பேசின் என்பது பொது விதி. இரண்டாவதை அம்மா படுக்கும் அறை வாசலில் வைத்தேன். சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. பழைய கண்ணகப்பையால் காலையும் மாலையும் அள்ளுகிறேன். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்யாமல் விடுவது நல்லது; பூனை மலத்தால் தொற்றும் ஒரு கிருமி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும்.

நனைந்த இடத்தை டெட்டோல், பினாயில் கொண்டு கழுவி வந்தேன். அவை பூனைக்கு நஞ்சு; நக்கினால் உள்ளே போகும். இப்போது சலவைத் தூள் கரைத்த தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, வெயிலில் காயப்போடுகிறேன். மணம் மிஞ்சினால் அதே இடத்துக்குத் திரும்ப வரும். குடிதண்ணீரை ஒருநாளும் குறைக்கக் கூடாது. சிறுநீரகம் பலவீனமான பூனைக்கு அது ஆபத்து.

மூன்று கிழமையில் பாய் காய்ந்தது. முழுக்கச் சுகம் என்று சொல்லமாட்டேன். மழை நாட்களில் இடுப்பு இறுகி, கால்மிதியில் போய்விடும். சிறுநீரக நோய் மாறாது, மெதுவாக்கத்தான் முடியும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

கண் மங்கும் வயதில் இருட்டில் பேசினைக் கண்டுபிடிக்கட்டும் என்று, அறை வாசலில் ஒரு சின்ன மின்குமிழைப் போட்டேன். இரண்டாம் நாள் அம்மா சொன்னார், "உந்த வெளிச்சம் எனக்கும் நல்லது பிள்ளை." பிறகுதான் கேட்டேன். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு அம்மா தண்ணீர் குடிப்பதில்லையாம். முகாமில் இரவில் மலசலகூட வரிசைக்குப் பயந்து விட்ட பழக்கம். வீடு வந்து பதினைந்து வருடம் ஆகியும் அது மாறவில்லை. நாங்கள் யாரும் கேட்கவுமில்லை.

இப்போது மலசலகூடம் வரைக்கும் மூன்று மின்குமிழ்கள் எரிகின்றன. இரவில் அம்மா எழும்பினால் பவுணும் எழும்புகிறது.