கவுன்சலிங் போனால் துறைத்தலைவருக்குத் தெரிந்துவிடுமா?

செமஸ்டர் முடிவுகள் வரும் வாரத்தில் விடுதி அறைகளில் யார் சாப்பிட வரவில்லை, யார் பகலிலும் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார்கள் என்பது அறைத்தோழர்களுக்குத் தெரியும். பேசித் தீர்த்துக்கொள்ள ஆள் தேவைப்படும் நேரம் அது. பல வளாகங்களில் அந்த உதவி கட்டணமில்லாமலே இருக்கிறது. ஆனால், அதைத் தேடிப் போவதற்குள் ஆயிரம் சந்தேகங்கள் குறுக்கே நிற்கின்றன. அவற்றில் சில இங்கே.

எங்கள் கல்லூரியில் கவுன்சலர் இருக்கிறாரா என்பதே தெரியாது. யாரைக் கேட்பது?

மாணவர் நல அலுவலகத்தில் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 'கவுன்சலரைப் பார்க்க நேரம் வேண்டும்' என்றால் போதும். 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. உதவி எண்களை விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் பெரிய எழுத்தில் ஒட்டவும் சொன்னது. உங்கள் வளாகத்தில் அப்படி எதுவும் கண்ணில் படவில்லை என்றால், மாணவர் பிரதிநிதிகள் நிர்வாகத்திடம் எழுத்து மூலமாகவே கேட்கலாம். தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கிய 'மனம்' என்ற மாணவர் மனநல மன்றத் திட்டமும் உண்டு.

எங்களுக்கு மென்டார் இருக்கிறார். அவரிடம் பேசினால் போதாதா?

பாடம், வருகைப் பதிவு, கட்டணப் பிரச்சினை என்றால் போதும். மனம் உடைந்து நிற்கும்போது போதாது. உங்களுக்கு இன்டர்னல் மதிப்பெண் போடும் ஒருவரிடம், 'மூன்று மாதமாக எனக்குப் படிக்கவே தோன்றவில்லை' என்று எப்படிச் சொல்ல முடியும்? அவர் நல்லவராகவே இருந்தாலும், வீட்டுக்குப் போன் போட்டு அப்பாவை வரச் சொல்வதுதான் அவருக்குத் தெரிந்த தீர்வாக இருக்கலாம். ஆசிரியர் ஒருவருக்கே இரண்டு பொறுப்பையும் கொடுத்துவிட்டு 'கவுன்சலிங் வசதி உண்டு' என்று கையேட்டில் அச்சடிக்கும் கல்லூரிகள் மாணவர்களுக்குச் செய்வது அநியாயம். நல்ல மென்டார் செய்யக்கூடிய பெரிய உதவி, மாணவரைக் கவுன்சலரின் அறைவரை கூட்டிக்கொண்டு போய் விடுவதுதான்.

நான் சொல்வது துறைத்தலைவருக்கோ வீட்டுக்கோ போகுமா?

பெரும்பாலான மாணவர்களைத் தடுப்பது இந்த ஒரு பயம்தான். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆவது பிரிவு, மனநல சிகிச்சை தொடர்பான விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. ரகசியம் காப்பது ஆலோசகர்களின் தொழில் நெறியும்கூட. 18 வயது நிரம்பிய மாணவர் கவுன்சலரிடம் வந்துபோவதைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அந்த மாணவர்தான்.

ஆனால், ரகசியத்துக்கு எல்லை உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று கவுன்சலர் கருதினால், காப்பாற்றத் தேவையான அளவுக்கு மட்டும், தேவையான ஆளிடம் சொல்வார். நீதிமன்றம் கேட்டாலும் சொல்ல வேண்டியிருக்கும். நல்ல கவுன்சலர் இதை முதல் சந்திப்பிலேயே, நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே விளக்கிவிடுவார். அவர் விளக்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்: 'குறிப்பு எழுதுவீர்களா? அதை யார் பார்ப்பார்கள்? நான் வந்து போவது துறைக்குத் தெரியுமா?' இந்த மூன்றுக்கும் நேரடியான பதில் கிடைத்த பிறகு பேசத் தொடங்கினால் போதும். அங்கே பேசியது மதிப்பெண் பட்டியலிலோ மாற்றுச் சான்றிதழிலோ ஏறாது.

எத்தனை முறை போக வேண்டும்?

கல்லூரிகளில் கிடைப்பது பொதுவாகக் குறுகிய கால ஆலோசனை. ஒரு சந்திப்பு முக்கால் மணி நேரம் அளவுக்கு. பலருக்கு ஆறு, எட்டு சந்திப்புகளுக்குள் முடிந்துவிடும். முதல் நாள் ஒரு படிவம் தருவார்கள்: பெயர், அவசரத்துக்கு அழைக்க ஒரு எண், தூக்கம், பசி பற்றிய சில கேள்விகள். அவசர எண்ணாக நண்பரின் எண்ணைக் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளலாம். முதல் சந்திப்பில் அழுகை மட்டுமே வந்தாலும் தவறில்லை. அந்த ஆலோசகர் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரைக் கேட்பதிலும் தவறில்லை. அதில் அவர்கள் வருத்தப்பட ஒன்றுமில்லை.

மாத்திரை கொடுத்துவிடுவார்களோ?

கவுன்சலரால் மாத்திரை எழுத முடியாது. தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டு இலவசமாகவே பார்க்கலாம்.

தற்கொலை எண்ணம் வந்தது என்று சொன்னால் போலீஸ் கேஸ் ஆகுமா?

ஆகாது. எண்ணம் ஒருபோதும் குற்றமாக இருந்ததில்லை. முயற்சி செய்தவரையும் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 சட்டத்தின் 115-ஆவது பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவும் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இல்லை. பயப்படாமல், இருப்பதை இருப்பதுபோலவே சொல்லுங்கள்.

கல்லூரி மூடியிருக்கும் நேரத்தில்? நள்ளிரவில்?

14416. மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். வளாகத்தில் யாரையும் நம்ப முடியவில்லை என்பவர்களும் இங்கிருந்து தொடங்கலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு மையமும் இருக்கிறது.

அறைத்தோழி 'யாரிடமும் சொல்லாதே' என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, சாக வேண்டும்போல் இருக்கிறது என்கிறாள். நான் என்ன செய்ய?

இந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற வேண்டாம். அவளைத் தனியே விடாதீர்கள். 'உண்மையிலேயே அப்படி நினைக்கிறாயா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பக்கத்தில் உட்கார்ந்தபடியே 14416-ஐ அழையுங்கள், விடுதிக் காப்பாளரை எழுப்புங்கள். அவள் எதையாவது விழுங்கியிருந்தாலோ தன்னைக் காயப்படுத்திக்கொண்டிருந்தாலோ யோசிக்காமல் 108. காலையில் அவளோடு நீங்களும் கவுன்சலர் அறைக்குப் போங்கள். அவள் உள்ளே இருக்கும் நேரம் முழுக்க வெளியே காத்திருங்கள். பிறகு உங்களுக்கும் ஒரு நேரம் கேட்டு வாங்குங்கள்.