ஹோம் தியேட்டருக்கு வெளி அம்ப்ளிஃபயர்: எப்போது தேவை, எப்போது வீண்செலவு?

படத்தில் சண்டைக்காட்சி வந்தால் ஒலி கரகரக்கிறது. சத்தத்தை இன்னும் கூட்டினால் ரிசீவர் தானாகவே நின்றுவிடுகிறது. இந்தப் பிரச்சினைக்கு அடிக்கடி சொல்லப்படும் தீர்வு, "தனியாக ஓர் அம்ப் வாங்கிப் போடுங்கள்" என்பதுதான். சில வீடுகளுக்கு அது சரியான ஆலோசனை. வேறு பல வீடுகளில் அது பெரிய செலவு, சிறிய பலன்.

ரிசீவர் செய்யும் இரண்டு வேலைகள்

ஹோம் தியேட்டர் ரிசீவர் ஒரே பெட்டிக்குள் இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, வரும் ஒலியைப் பிரித்து எந்த ஸ்பீக்கருக்கு எது போக வேண்டும் என்று தீர்மானிப்பது. இரண்டாவது, அந்தச் சமிக்ஞையை ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்குப் பெருக்குவது. ஏழு அல்லது ஒன்பது சனல்களும் ஒரே மின்வழங்கியைப் பங்கிட்டுக் கொள்கின்றன. பெட்டியில் "சனலுக்கு 100 வொட்" என்று இருந்தால், அது பெரும்பாலும் இரண்டு சனல்களை மட்டும் இயக்கி அளந்த கணக்கு. எல்லாம் ஒரே நேரத்தில் உழைக்கும்போது அந்த அளவு கிடைக்காது.

வெளி அம்ப்ளிஃபயர் இரண்டாவது வேலையை மட்டும் பொறுப்பேற்கிறது. அதற்கு ரிசீவரின் பின்புறத்தில் 'ப்ரீ அவுட்' துளைகள் இருக்க வேண்டும். விலை குறைந்த ரிசீவர்கள் பலவற்றில் சப்வூஃபருக்கு மட்டுமே அது உண்டு. ப்ரீ அவுட் இல்லையென்பதற்காக, ஸ்பீக்கர் வயரை எடுத்து அம்ப்ளிஃபயரின் ஆர்.சி.ஏ உள்ளீட்டில் செருகக்கூடாது. இரண்டு கருவிகளும் பழுதாகலாம்.

வொட் கணக்கு

வொட் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாகாது. 3 டெசிபெல் மட்டுமே கூடும். காதுக்கு இருமடங்காகக் கேட்பதற்குச் சுமார் 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வொட் வேண்டும்.

ஓர் உதாரணம்: 1 வொட்டில், 1 மீற்றர் தூரத்தில் 88 டெசிபெல் தரும் ஸ்பீக்கர். 3 மீற்றர் தள்ளி இருப்பவருக்கு, அறையின் எதிரொலியைக் கணக்கில் எடுக்காவிட்டால், ஏறக்குறைய 78 டெசிபெல்தான் வந்து சேரும். அதை 90 டெசிபெல்லுக்குக் கூட்ட ஏறத்தாழ 15 வொட் போதும். 100 வொட்டில் 98 டெசிபெல். 200 வொட்டில் 101. இவ்வளவு செலவழித்த பிறகும் கிடைப்பது அந்த மூன்று டெசிபெல்தான்.

யாருக்கு உண்மையில் தேவை?

பெரிய மண்டபத்தில், 4 ஓம் ஸ்பீக்கர்களை அதிக சத்தத்தில் இயக்குபவர்களுக்குத் தேவை. 7.1.4 அமைப்புக்குப் போகிறவர்களுக்கும் தேவைப்படலாம். அதில் சப்வூஃபர் நீங்கலாக 11 ஸ்பீக்கர்கள். 11 சனல்களைப் பிரிக்கத் தெரிந்த சில ரிசீவர்களுக்குள் 9 அம்ப்ளிஃபயர்களே உள்ளன. மீதி இரண்டையும் வெளியே இருந்துதான் கொடுக்க வேண்டும்.

அம்ப் வாங்கினால் முதலில் முன்னால் உள்ள மூன்று ஸ்பீக்கர்களையும் அதற்கு மாற்றுங்கள். படத்தின் வசனமும் பெரும்பகுதி ஒலியும் அங்கேதான் வருகின்றன. அந்தச் சுமை குறைந்தால், மீதி ஸ்பீக்கர்களுக்கு ரிசீவரே தாராளமாகப் போதும்.

வாங்கும்போது வொட்டை மட்டும் பார்க்காதீர்கள். முழுச் சக்தியையும் வெளிவிட அந்த அம்ப்ளிஃபயருக்கு எத்தனை வோல்ட் சமிக்ஞை வேண்டும் என்று பாருங்கள். 2 வோல்ட் கேட்கும் 200 வொட் அம்ப்ளிஃபயருக்கு உங்கள் ரிசீவர் 1 வோல்ட்தான் சுத்தமாகத் தருமென்றால், கிடைப்பது 50 வொட்.

இணைக்கும்போது

எல்லாக் கருவிகளின் பிளக்கையும் கழற்றிய பின்னரே வேலையைத் தொடங்குங்கள். ப்ரீ அவுட்டில் இருந்து அம்ப்ளிஃபயருக்கு ஆர்.சி.ஏ கேபிள், அம்ப்ளிஃபயரில் இருந்து ஸ்பீக்கருக்கு வயர். சிவப்பும் கறுப்பும் மாறக்கூடாது. போடும்போது ரிசீவர் முதலில், அம்ப்ளிஃபயர் கடைசியில். நிறுத்தும்போது அம்ப்ளிஃபயர் முதலில். பிறகு ரிசீவருடன் வந்த மைக்கை வைத்து ஒலியளவைக் கட்டாயம் மீண்டும் சரிசெய்யுங்கள். வெளி அம்ப்ளிஃபயர் பெருக்கும் அளவு வேறாக இருப்பதால் முன் ஸ்பீக்கர்கள் மற்றவற்றை விடக் கூடவோ குறையவோ கேட்கலாம்.

230 வோல்ட் எச்சரிக்கை

கனடாவில் இருந்து உறவினர் கொண்டுவந்த அம்ப்ளிஃபயர் 120 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். ஜப்பானில் இருந்து வந்த பாவித்த பொருள் 100 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். நேரடியாகச் செருகினால் கருவி எரிந்துபோகும். பிளக் அடாப்டர் பின்னின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. பின்புற லேபிளைப் பாருங்கள். 60 ஹேர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால், வோல்ட்டைக் குறைத்தாலும் உள்ளிருக்கும் ட்ரான்ஸ்போமர் கூடுதலாகச் சூடேறலாம். வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வாங்குவதானால், அம்ப்ளிஃபயர் இழுக்கும் சக்தியை விடக் கூடிய கொள்ளளவு உள்ளதாக வாங்குங்கள்.

இணைத்த பின் "ம்ம்" என்ற இரைச்சல் வந்தால் சிலர் எர்த் பின்னைக் கழற்றி விடுவார்கள். இரைச்சல் நிற்கலாம். ஆனால் உள்ளே மின்கசிவு ஏற்பட்டால் உலோகப் பெட்டியைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து. இரண்டு கருவிகளையும் ஒரே சுவர்ச் செருகியில் இருந்து இயக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே குறையும்.

காசைக் கொடுப்பதற்கு முன் செலவில்லாத இரண்டு வேலைகள் உண்டு. மூடிய அலுமாரிக்குள் இருக்கும் ரிசீவரை வெளியே எடுத்துக் காற்றுப்பட வையுங்கள். சப்வூஃபர் இருந்தால், ரிசீவரின் அமைப்பில் முன் ஸ்பீக்கர்களை 'ஸ்மோல்' என்று மாற்றி 80 ஹேர்ட்ஸுக்குக் கீழான ஒலியைச் சப்வூஃபருக்கு அனுப்புங்கள். அதிக சக்தியை விழுங்குவது அந்தத் தாழ்ந்த ஒலிதான். இவற்றுக்குப் பிறகும் கரகரத்தால் அம்ப்ளிஃபயர் பற்றி யோசிக்கலாம்.