பனிப்பலகைக்கும் இடுப்பு உண்டு, தெரியுமா?

பனி என்றதும் மெத்தென்ற வெள்ளைப் பொடிதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் ஆல்ப்ஸ் மலையிலும் ஜப்பானிலும் ஒரு கூட்டம் அந்தப் பொடிப்பனியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை! எந்திரம் ஓட்டி அழுத்திச் சமன்செய்த சரிவு, இரவுக் குளிரில் இறுகிக் கெட்டிப்பட்டிருக்க வேண்டும்; விடிந்ததும் முதல் ஆளாக அதில் இறங்க வேண்டும். ஸ்னோபோர்டைச் சாய்த்து, பக்கவாட்டில் வழுக்காமல், விளிம்பாலேயே கோடு கிழித்துத் திரும்பும் இந்தக் கலைக்குக் ‘கார்விங்’ என்று பெயர். பொடிப்பனியில் சுமாரான பலகைகூடச் சமாளித்துவிடும். கெட்டிப்பனியில்தான் ஒவ்வொன்றின் சாயமும் வெளுக்கும்!

திருப்புவது காலா, பலகையா?

ஸ்னோபோர்டை மேலிருந்து பாருங்கள். உடுக்கை மாதிரி இரு முனையும் அகன்று, நடு இடுப்பாக ஒடுங்கியிருக்கும். இது அழகுக்காக அல்ல! பலகையை ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தினால் அகன்ற முனைகள் முதலில் பனியைத் தொடும். பிறகு நடுப்பகுதி வளைந்து கீழிறங்கும். விளிம்பு முழுவதும் வில்லாகிப் பனியில் பதியும். அந்த வில் காட்டும் வழியில் பலகை தானாகவே திரும்பும்!

இந்தப் பக்க வளைவை முழு வட்டமாக நீட்டினால் கிடைக்கும் ஆரத்தை மீட்டரில் சொல்வார்கள். குட்டிக்கரணம் அடிப்பவர்களின் பலகைக்கு அது பெரும்பாலும் 7 முதல் 9 மீட்டர். கம்பங்களைச் சுற்றி வளைந்து இறங்கும் ஜயன்ட் ஸ்லாலம் பந்தயப் பலகைக்கு 20 மீட்டரை ஒட்டி வரும். முன்னது சுருக்கெனத் திரும்பும். பின்னது நீண்ட வளைவுகளுக்கென்றே பிறந்தது.

பலகைக்கு வேக வரம்பு உண்டு, தெரியுமா?

சமதளம், உடம்பும் பலகையும் ஒரே கோணத்தில் சாய்கின்றன என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 மீட்டர் ஆரமுள்ள பலகையை 60 டிகிரி சாய்த்தால், அது 5 மீட்டர் ஆரத்தில் திரும்பும். அப்போது விழாமல் நிற்க மணிக்குச் சுமார் 33 கிலோமீட்டர் வேகம் வேண்டும். 20 மீட்டர் பலகைக்கோ அதே சாய்வில் 47 கிலோமீட்டர்!

வியப்பு இனிமேல்தான். எவ்வளவு சாய்த்தாலும் முதல் பலகை மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டரைத் தாண்டிச் சுத்தமாக வளையாது. இரண்டாவது சுமார் 50 வரை தாங்கும். ஆரம் இரண்டு மடங்கானால் வேகம் இரண்டு மடங்காவதில்லை, வர்க்கமூலக் கணக்கில்தான் கூடுகிறது. நிஜச் சரிவில் இடுப்பையும் முழங்காலையும் மடக்கி இந்த எல்லையைக் கொஞ்சம் நகர்த்தலாம். ஆனாலும் சின்ன ஆரப் பலகையில் கண்மண் தெரியாமல் பாய்ந்தால் விளிம்பு பிய்த்துக்கொள்வது ஏன் என்பதற்கு விடை இதுதான்.

70 கிலோ ஆள் 140 கிலோ ஆவது எப்படி?

60 டிகிரி சாய்ந்து திரும்பும்போது காலில் இறங்கும் பாரம், உடல் எடையைப் போல் சரியாக 2 மடங்கு! 45 டிகிரியில் அது 1.4 மடங்கு. இந்தப் பாரம் முழுவதையும் பனியில் தாங்குவது மெல்லிய எஃகு விளிம்பு ஒன்றுதான்.

ஒல்லிப் பலகையா, அகலப் பலகையா?

பலகையைச் சாய்த்ததும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பூட்ஸ் நுனி பனியில் உரசினால் என்ன ஆகும்? விளிம்பு எம்பிவிடும்; ஆள் அவுட்! இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் கண்டுபிடித்தார்கள்.

முதல் வழி, பந்தயக்காரர்களுடையது. பலகையின் இடுப்பு ஏறத்தாழ 18 முதல் 21 சென்டிமீட்டர்தான். பாதம் குறுக்கே வெளியே நீட்டாதபடி, இரு கால்களையும் 50 முதல் 65 டிகிரி வரை முன்னோக்கித் திருப்பிப் பூட்டுவார்கள். பூட்ஸ் கெட்டியான பிளாஸ்டிக். ஒல்லியான பலகை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நொடியில் புரளும். முழங்கால் அசைந்தால் போதும், விளிம்பு அசையும். ஆனால் இதற்கு மன்னிக்கும் குணம் கிடையாது. சின்னப் பிசகையும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்!

இரண்டாவது வழி, மெத்தென்ற பூட்ஸ்காரர்களுடையது. வழக்கமான 25 சென்டிமீட்டர் இடுப்பை 26, 27 என்று அகலமாக்கிவிட்டார்கள். புரள்வதற்குச் சற்று நேரம் எடுக்கும். ஆனால் கணுக்கால் வளைந்துகொடுப்பதால் தடுமாறினாலும் திருத்திக்கொள்ள இடம் இருக்கும். ஜப்பானில் இந்த வகைக் கார்விங்குக்குப் பெரிய ரசிகர் கூட்டமே உண்டு.

பலகைக்குள் உலோகத் தகடு எதற்கு?

கெட்டிப்பனியில் பெரிய எதிரி வழுக்கல் அல்ல, அதிர்வு! பலகை படபடவென்று அதிரும் ஒவ்வொரு முறையும் விளிம்பு பனியை விட்டு எழும்புகிறது. பிடியும் போகிறது. இதற்கு மருந்துதான் ‘டைட்டனால்’. பெயரில் டைட்டானியம் வாடை அடித்தாலும் இது முக்கியமாக அலுமினியக் கலவை. மரக்கட்டை நடுவிலிருக்க, மேலும் கீழும் மெல்லிய தகடாக இதை ஒட்டுவார்கள். அதிர்வு அடங்கி, பலகை பனியோடு ஒட்டிக்கொள்ளும்.

தகடு இல்லாமல் கண்ணாடியிழை மட்டும் ஒட்டிய பலகை வேறு ரகம். வளைவு முடியும்போது துள்ளி எழுந்து ஆளை அடுத்த வளைவுக்குத் தூக்கிப் போடும்! அந்தத் துள்ளலுக்காகவே உலோகத்தை வேண்டாம் என்பவர்களும் உண்டு. தகட்டுப் பலகைக்கு இன்னொரு பலவீனமும் இருக்கிறது: மோதி வளைந்தால், வளைந்தது வளைந்ததுதான்.

தரையில் வைத்தாலே குணம் தெரியும்!

பலகையைச் சமதரையில் வையுங்கள். நடுப்பகுதி சில மில்லிமீட்டர் எழும்பி நின்றால் அது ‘கேம்பர்’. ஏறி நின்றதும் அந்த வளைவு அமுங்கி, இரு முனைகளையும் பனியில் அழுத்தும். நீளம் முழுவதும் விளிம்பு கடிக்கும். நடுப்பகுதி தரையைத் தொட்டு முனைகள் எழும்பினால் அது ‘ராக்கர்’. பொடிப்பனியில் மிதக்க அருமையானது! கெட்டிப்பனியிலோ கடிக்கும் விளிம்பின் நீளம் குறைந்து, திரும்பச் சொன்னால் பக்கவாட்டில் வழுக்கும்.

விளிம்பில் அலை இருந்தால்?

அமெரிக்காவின் மெர்வின் நிறுவனம் லிப் டெக், க்னு பலகைகளின் விளிம்பை நேராக விடாமல் அலை அலையாக வெட்டியது. பெயர் ‘மேக்னி டிராக்‌ஷன்’. ஒவ்வோர் அலைமுகடும் பனியில் தனித்தனியாக அழுந்துவதால் இறுகிய பனியில் கூடுதல் பிடி கிடைக்கும். பந்தயக்காரர்கள் மட்டும் அலையில்லாத விளிம்பையே விரும்புகிறார்கள். அதன் 90 டிகிரி முனையை 88, 87 என்று கூராகத் தீட்டிக்கொள்வார்கள்.

பனியில் உப்பைக் கொட்டினால் கெட்டியாகுமா?

ஆகும்! ஈரம் கோத்த பந்தயத் தடத்தில் உப்பைத் தூவினால் மேற்பரப்பு கொஞ்சம் உருகும். உருகுவதற்கான வெப்பத்தைச் சுற்றியுள்ள பனியிலிருந்தே உறிஞ்சும். அந்தக் குளிர்ச்சியில் அடியிலுள்ள ஈரம் உறைந்து இறுகிவிடும்.

ஒலிம்பிக்கில் முதல் தங்கம் யாருக்கு?

ஸ்னோபோர்டு ஒலிம்பிக்கில் நுழைந்தது 1998இல், ஜப்பானின் நாகானோவில். முதல் தங்கம் அந்தரத்தில் சுழன்றவருக்கு அல்ல, ஜயன்ட் ஸ்லாலத்தில் கோடு கிழித்த கனடாவின் ராஸ் ரெபக்லியாட்டிக்கு! வெற்றி வித்தியாசம் வெறும் 0.02 விநாடி. கஞ்சா தடயம் கண்டதாகப் பதக்கத்தைப் பறித்தார்கள். மேல்முறையீட்டில் அது திரும்பி வந்தது.

2014 சோச்சியில் ஸ்னோபோர்டு வீரர் விக் வைல்ட், இருவர் அருகருகே மோதும் பாரலல் ஜயன்ட் ஸ்லாலம், பாரலல் ஸ்லாலம் இரண்டிலும் தங்கம் வென்றார். ஒன்று நீளப் பலகையின் ஆட்டம், மற்றது குட்டைப் பலகையின் ஆட்டம்! முதல் தங்கம் வென்ற அதே நாளில் அவர் மனைவி அலேனா சவார்சினா வெண்கலம் வாங்கினார்.

2018 பியோங்சாங்கில் செக் நாட்டின் எஸ்டெர் லெடெக்கா செய்ததுதான் உச்சம். ஸ்கீயில் சூப்பர் ஜி பந்தயத் தங்கம், ஒரே வாரம் கழித்து ஸ்னோபோர்டில் இன்னொரு தங்கம்!

அப்படியானால் எந்தப் பலகை சிறந்தது?

கெட்டிப்பனியில் பிடிமானம் மட்டுமே குறி என்றால், நீளமான, ஒல்லியான, தகடு பதித்த கேம்பர் பலகையை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அது வேகத்தையும் அகன்ற சரிவையும் கேட்கும். கூட்டமான சிறு சரிவில் 8, 10 மீட்டர் ஆரமுள்ள அகலப் பலகைதான் உங்களைச் சிரிக்க வைக்கும். எதுவானாலும் விளிம்பு மழுங்கியிருந்தால் விலையுயர்ந்த பலகையும் வீண்தான்.

அடுத்த முறை டிவியில் ஸ்னோபோர்டு பந்தயம் வந்தால் வீரரை விட்டுவிட்டு அவர் பின்னால் பதியும் தடத்தைப் பாருங்கள். தடம் மெல்லிய கோடாக இருந்தால் அது கார்விங். பட்டையாகத் தேய்ந்திருந்தால் வழுக்கல். யார் நேரத்தை இழக்கிறார் என்பதை, வர்ணனையாளர் சொல்வதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிடலாம்!