ரப்பர் அச்சில் பிறந்த படைகள்

மேசைமேல் விரல் உயரப் பொம்மை வீரர்களை நிறுத்தி, அளவுநாடாவால் தூரம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டையிடுவது மினியேச்சர் போர் விளையாட்டு. பிரிட்டனில் ஆழமாக வேரூன்றிய பொழுதுபோக்கு இது. இதன் பிரியர்களில் ஒரு சாரார் இன்றைய பளபளப்பான பதிப்புகளை ஒதுக்கிவிட்டு, 1980களின் விதிநூல்களையும் ஈயப் பொம்மைகளையும் தேடிப் பிடித்து ஆடுகிறார்கள். வார்ஹாமர் என்ற விளையாட்டின் பெயரையொட்டி இந்தப் போக்கை ‘ஓல்ட்ஹாமர்’ என்கிறார்கள். நடுவயதுக்காரர்களின் பால்ய ஏக்கம் என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்தக் காலத்தில் பிறந்தேயிராத சிலரும் இதில் சேர்ந்திருக்கிறார்களே, அவர்களுக்கு எந்தப் பால்யம்? இந்த ஏக்கத்துக்கு நினைவைத் தாண்டிய காரணம் ஒன்று உண்டு என்பது என் வாதம். அதைப் பொம்மை வார்க்கும் அச்சில் தேட வேண்டும்.

பழைய பொம்மைகள் சுழல் வார்ப்பில் உருவானவை. தடித்த ரப்பர் வட்டுகள் இரண்டுக்கு நடுவே கையால் செதுக்கிய மூலப் பொம்மைகளை அடுக்கிச் சூடும் அழுத்தமும் கொடுத்தால் ரப்பர் இறுகி, பொம்மைகளின் வடிவம் பள்ளமாகப் பதிந்துவிடும். மையத்திலிருந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் உலோகம் ஓட வாய்க்காலும், காற்று வெளியேறச் சிறு கீறலும் கத்தியால் வெட்டுவார்கள். அச்சைச் சுழலவிட்டு, திருகையின் குழியில் தானியம் போடுவதுபோல மேல்வட்டின் நடுத்துளையில் உருகிய உலோகத்தை ஊற்றினால், அது விளிம்பை நோக்கிப் பாய்ந்து பள்ளங்களை நிரப்பும். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும், வெள்ளீயம் 232 பாகையில். இரண்டையும் தக்க அளவில் கலந்தால் 183 பாகைவரைகூட உருகுநிலை இறங்கும். ரப்பர் தாங்கும் சூடுதான். ஆறியதும் ரப்பரைச் சற்று வளைத்துப் பொம்மையை எடுத்துவிடலாம். ஆகவே கொஞ்சம் கோணலான உருவமும் ஒரே துண்டாக வரும். இப்படி ஓர் அச்சைச் செய்ய ஆகும் செலவு குறைவு. சில நூறு பொம்மைகள் விற்றாலே கையைக் கடிக்காது என்பதால், சிற்பி விளையாட்டாகச் செதுக்கிய விசித்திர உருவம்கூடக் கடைக்கு வரும். பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்தும் எஃகு அச்சின் கணக்கே வேறு. அதைக் கடைந்தெடுக்கப் பெரும் முதல் வேண்டும். முதலை மீட்க ஆயிரக்கணக்கில் விற்க வேண்டும். அதற்கு எல்லாரும் ஒரே பெட்டியை வாங்கியாக வேண்டும்.

பொம்மை செய்பவரும் விதி எழுதுபவரும் வேறு வேறாக இருந்ததும் தொடக்க காலத்தின் இயல்பு. லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893 முதல் உட்குழிவான ஈய வீரர்களை வார்த்து விற்றது சிறுவர்களுக்காக. அந்தப் பொம்மைகளையும், மரக்குச்சியைச் சுடும் வில்விசைப் பீரங்கியையும் வைத்து எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ நூலில் விதி வகுத்தார். 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் எழுதிய ‘வார் கேம்ஸ்’ நூல், வெவ்வேறு காலப் போர்களுக்கு வெவ்வேறு ஆட்டக்காரர்களின் விதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் தலைமையகம் இல்லை. 1987இல் ரிக் பிரீஸ்ட்லி எழுதிய ‘ரோக் டிரேடர்’ என்ற வார்ஹாமர் விதிநூல் வந்தபோது, விதியும் பொம்மையும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற ஒரே கூரையின்கீழ் வந்துவிட்டிருந்தன. ஆனாலும் அந்த நூலில் இருந்த எல்லாவற்றுக்கும் பொம்மை இல்லை. அந்நிறுவனத்தின் ‘வொயிட் டுவார்ஃப்’ பத்திரிகையே, தீர்ந்துபோன டியோடரன்ட் டப்பாவில் மிதவை டாங்கி செய்வது எப்படி என்று பாடம் எடுத்தது. இன்று எந்தப் பொம்மை நிறுவனமாவது அப்படிச் செய்யுமா?

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1959 முதல் விற்ற மென்பிளாஸ்டிக் குட்டி வீரர்களும் எஃகு அச்சில் பிறந்தவர்கள்தாம். ஆனால் அவர்களைத்தான் ஆட்டக்காரர்கள் மிக அதிகமாக வெட்டி, ஒட்டி, தலை மாற்றி வேறு படைகளாக்கினார்கள். உண்மைதான். எனவே எஃகை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஏர்ஃபிக்ஸுக்கு எந்த விதிநூலையும் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை. வாங்கியவர் என்ன செய்தாலும் அதற்குக் கவலையில்லை. எஃகு அச்சின் முதலீடும் விதியெழுதும் அதிகாரமும் ஒரே கையில் சேரும்போதுதான் இடைவெளிகள் அடைபடுகின்றன. விதிநூலில் உண்டு, கடையில் பொம்மை இல்லை என்ற நிலையைப் பயன்படுத்திச் சாப்டர்ஹவுஸ் என்ற சிறு அமெரிக்க நிறுவனம் உதிரி பாகங்கள் விற்றது. அதன்மீது கேம்ஸ் வொர்க்‌ஷாப் தொடுத்த வழக்கில் 2013இல் வந்த தீர்ப்பு இரு தரப்புக்கும் பாதி வெற்றி, பாதி தோல்வி. அதற்குப் பின் வந்த வார்ஹாமர் விதிநூல்களில் பொம்மை இல்லாத படைப்பிரிவுகள் அரிதாகிவிட்டன. டப்பா டாங்கிக்கு இடமில்லாமல் போனது.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. ஈயம் நஞ்சு, அது போனதே நல்லது. மென்பிளாஸ்டிக்கில் பூசிய வண்ணம் உரிந்து விழும். விதிகளின் தெளிவின்மையால் ஆட்டம் வாக்குவாதமாக மாறும். இன்றைய பொம்மைகளின் நுணுக்கத்தை அன்றைய சிற்பிகள் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். முப்பரிமாண அச்சுப்பொறி வீட்டுக்கே வந்துவிட்டதே, அச்சே தேவையில்லாத காலத்தில் ஏக்கம் எதற்கு என்றும் கேட்கலாம். ஒற்றைப் பொம்மையைக்கூட மலிவாகச் செய்துகொள்ளும் வசதி ரப்பர் அச்சுக்கும் இருந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பொறிகளுக்காக விற்கப்படும் வடிவக் கோப்புகளைப் பாருங்கள். பல, பெரிய நிறுவனங்களின் விதிநூல்களில் உள்ள படைப்பிரிவுகளுக்கு மாற்றாகவே வரையப்பட்டவை.